கணக்கனின் வலு ஏழிலேயே நின்றுவிட வேண்டுமா?

கேள்வி: செந்தூல் பகடை

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில், அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில், இரு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை இரவு, ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு மேசைப் பாத்திர ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசியும் பகடை உருட்டியும் கதை நடத்தும் ஆட்டம்) நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் இவ்வகை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பைத்தான் ஆடினோம். அதில் சலிப்புத் தட்டியபோது, நம் பக்கத்துக் கதையாக ஒன்றை நாமே எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றியது. 1025-ஆம் ஆண்டளவில் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கிச் சென்ற பின், அந்தக் கரையில் மீண்டும் கடை திறக்கும் ஒரு வணிகக் குழுவைச் சுற்றி இப்போதைய ஆட்டம் நடக்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா என்பதால், அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்களுக்கு இடம் உடனே பிடிபட்டுவிடும். மெர்போக் ஆற்றை என் வரைபடத்தில் நான் தவறாக வளைத்திருந்ததை முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னவர்களும் அப்படிப் போய்வந்த இருவர்தான்.

விதிகள் எளியவை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலு, லாவகம், உடலுரம், புத்தி, நிதானம், முகராசி என்று ஆறு அடிப்படைப் பண்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, வரும் கூட்டுத்தொகையை அப்படியே எழுதிக்கொள்கிறோம். ஒரு செயலில் இறங்கும்போது மீண்டும் மூன்று பகடைகள். கூட்டுத்தொகை பண்பின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் வெற்றி. இவற்றோடு, படகோட்டுதல், எடைபோடுதல், வாட்போர் போன்ற தேர்ச்சிகள் தனியே இருக்கின்றன. தேர்ச்சிகள் பழகப் பழக உயரும், பண்புகள் உயரா. இதை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். ஐந்தாம் பதிப்பில் எங்கள் போர்வீரர் ஒவ்வொருவரும் எட்டாவது லெவலுக்குள், அதாவது எட்டாவது வளர்ச்சிப் படிக்குள், வலுவை இருபதுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் எந்தப் பாத்திரத் தாள் யாருடையது என்று எனக்கே தெரியாத நிலை வந்தது.

சிக்கல் சென்ற ஆட்டத்தில் வந்தது. குழுவின் கணக்கனுக்கு வலு ஏழு. ஆட்டக் காலத்தில் மூன்று ஆண்டுகளாக அவன் கப்பலில் இருக்கிறான். ஆள் பற்றாக்குறை நேர்ந்த போதெல்லாம் மூட்டை தூக்கியிருக்கிறான், துடுப்புப் போட்டிருக்கிறான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, தோழன் ஒருவன் கயிற்றில் தொங்கியபோது, கணக்கன் இழுக்க முயன்றான், பகடை ஒன்பது காட்டியது, கயிறு நழுவியது. அவனை ஆடுகிறவர் கோபப்படவில்லை. தன் கேரக்டர் ஷீட்டை என் பக்கம் திருப்பிவைத்தார். தேர்ச்சிக் கட்டங்கள் அழித்து அழித்து எழுதியதில் தாள் மெலிந்து, ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. வலுவின் கட்டத்தில் மட்டும் முதல் நாள் பேனாவில் எழுதிய ஏழு புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. "மூன்று வருடம் துடுப்புப் போட்டவன் தோள் இன்னும் இப்படியேதான் இருக்குமா?" என்று கேட்டார்.

கீழே மாமாக் உணவுக்கடைக்கு இறங்கி, இரண்டாவது தே தாரிக் தேநீர் ஆறிப்போகும் வரை பேசியும் முடிவுக்கு வர முடியவில்லை. பாத்திரம் வளர வளர அதன் அடிப்படைப் பண்புகளும் உயர வேண்டுமா? உயர்ந்தால், எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது போல் ஆகிவிடாமல் எப்படித் தடுப்பது?

பதில்: பட்டர்வொர்த் பழையவன்

தம்பி, நீங்கள் முதலில் செய்ததே சரி என்பது என் கட்சி. இது பழைய வழக்கு என்பதால், வழக்கு எப்படித் தொடங்கியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் லெவல் ஏறினால் பண்பு ஏறும் என்ற விதி கிடையாது. அதைக் கேட்க வேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை. ஏனென்றால் அந்த எண்களுக்குச் செய்ய வேண்டிய வேலையே மிகக் குறைவு. போர்வீரனின் வலு பதினைந்தோ அதற்கு மேலோ இருந்தால், லெவல் ஏற அவனுக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பத்து விழுக்காடு கூடும். வாள்வீச்சு அதனால் கூர்மையாகாது. மறு ஆண்டே, 1975-இல், கிரேஹாக் என்ற துணை நூல் வந்தது. வலு மிகுந்த போர்வீரனின் அடி குறிதவறாமல் விழும், ஆழமாகவும் விழும் என்று அதில் விதி செய்தார்கள். அன்றைக்குத்தான் அந்த எண்ணுக்குக் கனம் வந்தது. கனம் வந்ததும் அதை உயர்த்தும் ஆசையும் வந்தது. அதன் பிறகு நடந்தவையெல்லாம் இந்த ஆசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறந்துவிட்ட கதைதான். 1985-இல் வந்த கவலியர் என்ற குதிரைவீரன் வகுப்புக்கு மட்டும், லெவலுக்கு லெவல் வலுவும் லாவகமும் உடலுரமும் சிறிது சிறிதாக ஏறும் சலுகையைக் கொடுத்தார்கள். 2000-இல் மூன்றாம் பதிப்பு, நான்கு லெவலுக்கு ஒரு புள்ளி என்று அதை எல்லாருக்கும் பொதுவாக்கியது. 2008-இன் நான்காம் பதிப்பு இன்னும் தாராளம். அதில் பதினோராம் லெவலிலும் இருபத்தோராம் லெவலிலும் ஆறு பண்புகளுமே ஒன்று ஏறும். 2014-இன் ஐந்தாம் பதிப்பு ஒவ்வொரு முறையும் இரண்டு புள்ளி கொடுத்து, இருபதில் கூரை போட்டது. கூரை இருப்பதைக் கண்டால் நம் ஆட்கள் அதைத் தொடாமல் விடுவார்களா? உங்கள் போர்வீரர்கள் எட்டாம் லெவலிலேயே தொட்டுவிட்டார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

இதே காலத்தில் வேறு வழியில் போனவர்களும் உண்டு. 1977-இல் வந்த டிராவலர் விண்வெளி ஆட்டத்தில், பாத்திரம் பதினெட்டு வயதில் பணியில் சேர்ந்து, நான்கு நான்கு ஆண்டுகளாகக் காலம் தள்ளி, பிறகுதான் மேசைக்கு வரும். முப்பத்து நான்கு வயதானதும் முதுமைக்கான பகடை உருளத் தொடங்கும். அதில் தவறினால் உடல் வலுவும் லாவகமும் குறையும். நாற்பத்தாறு வயதுக் கப்பல் தலைவனுக்குத் தேர்ச்சிகள் குவிந்திருக்கும், மூட்டு வலிக்கும். நான் மேசையில் பார்த்த மனிதர்களிலேயே மனிதர்களாகத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். 1981-இன் திகில் ஆட்டமான கால் ஆஃப் கதூலுவில் பண்புகள் ஏறக்குறைய நிலையாக நிற்கும். பயன்படுத்திய தேர்ச்சிக்கு அடையாளமிட்டு, பிறகு நூறுமுகப் பகடையில் அதன் மதிப்பை மிஞ்சி உருட்டினால் மட்டுமே அது உயரும். தெரிந்தவனுக்கு மேலும் கற்பது கடினம் என்பதை ஒரே பகடையில் சொல்லிவிட்ட விதி அது. அந்த ஆட்டத்தில் தொடர்ந்து தேய்வது மனநிலை ஒன்றுதான்.

சித்திரம் கைப்பழக்கம் என்று தொடங்கி, பிறவிக் குணம் என்று முடியும் பழம்பாட்டைச் சிறுவயதில் மனனம் செய்திருப்பீர்கள். பழக்கத்தால் வருவது தேர்ச்சி. பிறவியில் வந்தது பண்பு. இந்த வரப்பை வெட்டிவிட்டால் இரண்டு வயலும் ஒன்றாகிவிடும். பிறகு ஆறு பண்புகள் எதற்கு, தேர்ச்சிகள் மட்டும் போதுமே என்ற கேள்வி வரும். கணக்கனுக்குத் துடுப்புத் தேர்ச்சியைக் கொடுங்கள். ஏழை விட்டுவிடுங்கள். அந்த ஏழால்தான் அவன் யார் என்று மேசையில் உள்ள எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

பதில்: பிரிக்பீல்ட்ஸ் இயன்முறை

பட்டர்வொர்த் அண்ணனின் வரலாற்றை மதித்துப் படித்தேன். முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் இயன்முறை சிகிச்சை தருபவள். நாள் முழுதும் மனிதர்களின் வலுவை அளப்பதுதான் என் தொழில். பிறவியில் வந்தது, மாறாதது என்று நீங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கும் பொருள்களில் முதன்மையானது வலு. ஆனால் மனித உடலில் மிக எளிதாக மாறக்கூடியவற்றில் ஒன்றும் அதுதான்.

பயிற்சியே இல்லாத ஒருவர் எடை தூக்கப் பழகினால், முதல் சில வாரங்களிலேயே தூக்கும் அளவு கண்கூடாக உயரும். அப்போது தசை பெரிதாக வளர்ந்திருக்காது. இருக்கும் தசையை நரம்பு மண்டலம் கூடுதலாகவும் ஒழுங்காகவும் வேலை வாங்கக் கற்றிருக்கும், அவ்வளவே. தசை பருப்பது அதன் பிறகு மெல்ல நடப்பது. அதாவது, வலு என்று நாம் ஒரே எண்ணில் எழுதுவதற்குள்ளேயே பழக்கம் பாதி ஒளிந்திருக்கிறது. அண்ணன் கட்டிய வரப்பு உடலுக்குள் அப்படி நேராகப் போவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிகவும் பலவீனமாகத் தொடங்குகிறவருக்கே முன்னேற்றம் வேகமாக வரும். ஏற்கெனவே வலுவானவர் மேலும் ஒரு படி ஏற மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பில் இது தலைகீழ். பதினாறில் இருப்பவர் பதினெட்டுக்குப் போகிறார்; எட்டில் இருப்பவர் எட்டிலேயே கிடக்கிறார். எண்ணை உயர்த்தியதை நான் குறை சொல்லவில்லை. யாருடைய எண் உயர்கிறது என்பதில்தான் தவறு நடந்திருக்கிறது.

அண்ணன் சொன்ன முதுமையை முழுமையாக ஆதரிக்கிறேன். பயன்படுத்தாத தசை தேய்வதற்கு முதுமை வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. காலில் கட்டுப்போட்டு ஆறு வாரம் கழித்து வருகிறவர்களின் தொடையை அளவுநாடாவால் சுற்றிப் பார்த்தால், இரண்டு காலும் ஒரே ஆளுடையவையா என்று சந்தேகம் வரும். உங்கள் கணக்கன் ஒரு பருவம் முழுக்கக் கணக்கறையில் உட்கார்ந்திருந்தால், ஏறிய எட்டு மறுபடியும் ஏழாகட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

முகராசியைப் பற்றி ஒரு சொல். அதையும் பிறவிக் குணம் என்று தள்ளிவிடாதீர்கள். என் சித்தப்பா துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசுவாராம். இன்று வேட்டி வாங்க வந்தவரிடம் பட்டுப் புடவையையும் சேர்த்து விற்று அனுப்புகிறார்.

பதில்: செராஸ் கணக்கு ஆசிரியை

இரு தரப்பும் பண்பு என்றால் என்ன என்று பேசுகிறீர்கள். எண் என்ன செய்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நான் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

ஐந்தாம் பதிப்பில் முதல் லெவல் போர்வீரருக்கு வலு 16 என்றால், தாக்கும்போது பகடையோடு கூடுவது 5. எதிரே நிற்கும் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் தற்காப்பு 15. கூட்டுத்தொகை அதை எட்ட, இருபதுமுகப் பகடையில் பத்தோ அதற்கு மேலோ விழ வேண்டும். வாய்ப்பு 55 விழுக்காடு. அதே வீரர் பதினேழாம் லெவலுக்கு வந்து, வலுவை இருபதாக்கி, மொத்தம் 11 கூட்டுகிறார். இப்போது எதிரே மூத்த செந்நிற டிராகன், தற்காப்பு 22. பதினொன்று விழ வேண்டும். வாய்ப்பு 50 விழுக்காடு. மந்திர வாள் இல்லையென்றால், இத்தனை உயர்வுக்குப் பிறகும் அவர் தொடங்கிய இடத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறார். கோப்ளினை மறுபடி சந்தித்தால் வளர்ச்சி தெரியும் என்பது உண்மை. ஆனால் பதினேழாம் லெவலில் யார் கோப்ளினை அனுப்புகிறார்கள்?

உயர்த்தாமல் விட்ட பண்பின் கதி இதைவிடப் பரிதாபம். அதே டிராகனின் நெருப்பு மூச்சிலிருந்து தப்ப லாவகத்தில் 24 எட்ட வேண்டும். லாவகம் பத்தாக இருந்து (பத்துக்குக் கூட்டல் ஏதும் கிடையாது), அந்த வகைத் தப்புதலில் தேர்ச்சியும் இல்லாதவர் பகடையில் இருபதே போட்டாலும் இருபதுதான். ஒரு பண்பு மட்டும் ஏறும்போது எதிரிகளின் எண்கள் அந்த ஏறிய பண்பை மனத்தில் வைத்து அமைக்கப்படுகின்றன. ஏறாத ஐந்தும் அதற்கு விலை கொடுக்கின்றன.

செந்தூல் நண்பரின் மூன்று பகடை முறை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே ஒரு புள்ளியின் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும். மூன்று பகடைகள் விழக்கூடிய 216 விதங்களில் ஏழோ அதற்குக் குறைவோ வருபவை 35. ஆகவே கணக்கனின் வெற்றி வாய்ப்பு 16.2 விழுக்காடு. எட்டாக்கினால் 25.9. பத்திலிருந்து பதினொன்றுக்குப் போனால் 50 என்பது 62.5 ஆகிறது. பதினைந்திலிருந்து பதினாறுக்கோ 95.4 என்பது 98.1 ஆகிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே விலையில் புள்ளியை விற்றால், நடுவில் இருப்பவருக்குக் கொள்ளை லாபம், உச்சியில் இருப்பவருக்குக் காகித மரியாதை.

விலை என்றதும் ஓர் எச்சரிக்கை. அனுபவப் புள்ளியைக் கொடுத்துப் பண்பை வாங்கலாம் என்ற முறைக்குப் போக நினைத்தால், இதே மூன்று பகடை முறையில் ஓடும் கர்ப்ஸ் ஆட்டத்தின் நான்காம் பதிப்பைப் பாருங்கள். அதில் லாவகத்தை ஒரு படி உயர்த்த 20 புள்ளி. ஓரளவு கற்ற தேர்ச்சி ஒன்றை ஒரு படி உயர்த்த 4 புள்ளி. லாவகம் உயர்ந்தால் அதைச் சார்ந்த தேர்ச்சிகள் அனைத்தும் சேர்ந்தே உயரும். அப்படிப்பட்ட தேர்ச்சி ஐந்துக்கு மேல் வைத்திருப்பவர் தேர்ச்சியை ஏன் வாங்க வேண்டும்? என் மாணவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பாடப் பயிற்சியில் மட்டும் இந்த வேகத்தைக் காண முடிவதில்லை.

பதில்: கணக்கன்

அந்தக் கணக்கனை ஆடுகிறவன் நான்தான். நண்பர் என் தாளில் விழுந்த ஓட்டையைப் பொதுவில் சொல்லிவிட்டதால், என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டர்வொர்த் ஐயா அஞ்சுவது போல நான் கணக்கனைப் பயில்வானாக்கக் கேட்கவில்லை. எட்டு போதும், மிஞ்சினால் ஒன்பது. அவன் குழுவிலேயே நோஞ்சானாக இருக்கட்டும். கயிறு நழுவியதிலும் எனக்கு வருத்தமில்லை. அந்த இரவின் சிறந்த காட்சியே அதுதான். ஆனால் துடுப்புத் தேர்ச்சியைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற யோசனை எனக்கு உதவாது. அன்று படகு கவிழ்ந்துவிட்டது, துடுப்பு ஆற்றோடு போய்விட்டது, கையில் இருந்தது கயிறு. கயிறு இழுக்கும் தேர்ச்சி என்று ஒன்றை யார் முன்கூட்டி வாங்கிவைப்பார்கள்? பட்டியலில் பெயரில்லாத வேலைகளுக்கு மனிதன் தன் உடம்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த உடம்பு மூன்று ஆண்டுகளில் எதையுமே அனுபவிக்காதது போல விதி நடந்துகொள்வதைத்தான் கேட்டேன்.

கேள்வி கேட்டவர்: செந்தூல் பகடை

அனைவருக்கும் நன்றி. கணக்கன் சொன்ன கயிற்று வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே பண்புகள் மாறலாம் என்று இறங்கி வருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் சகோதரி சொன்னபடி பலவீனமானவருக்கு வேகமாகவும் வலுவானவருக்கு மெதுவாகவும் ஏற வேண்டும். பட்டர்வொர்த் அண்ணன் நினைவூட்டிய 1981-இன் விதியையே தேர்ச்சியிலிருந்து பண்புக்கு மாற்றி நட்டுப் பார்த்தேன். விதியின் வரைவு இது.

எங்கள் ஆட்டத்தில் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே ஓடுகின்றன. தென்மேற்குக் காற்றில் கடாரத்துக்கு வருகிறோம். வடகிழக்குக் காற்றில் தமிழகக் கரைக்குத் திரும்புகிறோம். காற்று மாறும்வரை துறைமுகத்தில் காத்திருக்கும் காலம், ஆண்டுக்கு இருமுறை, கதையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் காத்திருப்பின்போது, கடந்த பயணத்தில் ஒரு பண்பைச் சார்ந்து முயன்று தோற்றவர், அந்தப் பண்புக்காக மூன்று பகடைகளை ஒருமுறை உருட்டலாம். கூட்டுத்தொகை இப்போதைய எண்ணை மிஞ்சினால் ஒரு புள்ளி ஏறும். மிஞ்சாவிட்டால் ஏதும் இல்லை. ஒரு காத்திருப்புக்கு ஒரு பண்புதான். தோற்றிருந்தால் மட்டுமே உருட்டலாம் என்பதை நான் விடமாட்டேன்; இல்லையென்றால் மூட்டை தூக்கியதாகச் சும்மா சொல்லிக்கொண்டே வலுவை ஏற்றுவார்கள். எங்கள் குழுவின் வாள்வீரரை எனக்குத் தெரியும்.

ஆசிரியை இதன் கணக்கைச் சரிபார்த்தால் நன்றாக இருக்கும்.

பதில்: செராஸ் கணக்கு ஆசிரியை

சரிபார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் அறிந்து செய்தீர்களா என்று தெரியவில்லை, இந்த விதியில் ஒரு பண்பு உயரும் வாய்ப்பும் அதே பண்பில் தோற்கும் வாய்ப்பும் எப்போதும் ஒரே எண்ணாக இருக்கும். ஏழில் இருப்பவர் 83.8 விழுக்காடு தோற்பார். அவர் கற்கும் வாய்ப்பும் 83.8 தான்.

ஏழிலிருந்து பத்துக்கு வர சராசரியாக நான்கு முறைக்குச் சற்று அதிகமாக உருட்ட வேண்டியிருக்கும். ஆண்டுக்கு இரண்டு காற்று, ஒவ்வொன்றிலும் உருட்டும் தகுதி கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ இரண்டு ஆண்டு. கணக்கன் கேட்ட எட்டுக்குப் பெரும்பாலும் ஒரே காற்று போதும். பதினைந்திலிருந்து பதினெட்டுக்குப் போக விரும்பும் வாள்வீரருக்கோ சராசரி 292 முறை. அதாவது 146 ஆண்டு. ராஜேந்திரன் காலத்தில் தொடங்கினால், முதலாம் குலோத்துங்கனின் ஆட்சியும் முடிந்து வெகுகாலம் ஆகியிருக்கும். நீங்கள் அஞ்சிய ஒரே அச்சு இங்கே இருபதில் இல்லை; கவனிக்க வேண்டியது பத்து, பன்னிரண்டை ஒட்டிய பகுதியைத்தான். ஆறு பண்புகளும் காலப்போக்கில் அங்கே வந்து சேரக்கூடும். ஒரு காத்திருப்புக்கு ஒரு பண்பு என்ற கட்டுப்பாடு அதைத் தாமதப்படுத்துமே தவிர, தடுக்காது.

பதில்: பட்டர்வொர்த் பழையவன்

தோற்றவனுக்கே உருட்டும் உரிமை என்றதால் பாதி சமாதானம் அடைந்தேன். மீதிப் பாதிக்கு, ஏறுவது போல் இறங்கவும் வழி வையுங்கள். அப்போதுதான் ஆசிரியை சொல்லும் அந்த நடுப்பகுதி நெரிசலும் குறையும். முப்பத்து நான்கு வயது தாண்டியவர்கள் அதே காத்திருப்பில் உடலுரத்துக்கு எதிராக ஒருமுறை உருட்டட்டும். தோற்றால் வலுவிலோ லாவகத்திலோ ஒன்று போகட்டும். பிரிக்பீல்ட்ஸ் தங்கை சொன்ன கட்டுப்போட்ட காலுக்கும் இதையே பயன்படுத்தலாம்.

இன்னொன்று. முகராசி துணிக்கடையில் வளரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர்ச் சந்தையில் எனக்கு மட்டும் அது ஏன் வளரவில்லை என்பது தனி விசாரணை.

கேள்வி கேட்டவர்: செந்தூல் பகடை

இறங்கும் விதியைச் சேர்த்துவிட்டேன், அண்ணே. இப்போதைக்கு முப்பத்து நான்கைத் தாண்டியவர் எங்கள் மாலுமி ஒருவர்தான். ஐம்பத்தொரு வயது, உடலுரம் பன்னிரண்டு. அவரை ஆடுகிறவரிடம் தொலைபேசியில் சொன்னேன். வலு போனால் போகட்டும், அதற்கு ஈடாகக் காற்றுத் திசை பார்க்கும் தேர்ச்சியில் ஒன்று கிடைக்குமா என்று உடனே பேரம் தொடங்கிவிட்டார். கிடைக்காது என்று சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை காற்று மாறுகிறது. முதலில் கணக்கன் உருட்டுவார்.